செவிடு என்று பேர் வாங்கிய நாய்

அந்த நாயை எங்கள் வீட்டில் விடலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எழுபதுகளின் கடைசி அது. நான் கல்யாணமாகிச் சேவூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் இரண்டு பட்டுத் தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்காருவார். மாமனார் உட்கார்ந்த தறி, அவர் போன பிறகு காலியாகக் கிடந்தது. நான் எந்நேரமும் ராட்டையின் முன்னால்தான் இருப்பேன். ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தார் போட்டுக் கொடுப்பது என் வேலை. நடுவில் சமையல், தண்ணீர், கைக்குழந்தை, மாமியார். இதில் வேட்டை நாய்க்கு எங்கே இடம்?

கொண்டுவந்தவர் ஆரணிக்குப் போகிற வழியில் ரைஸ் மில் வைத்திருந்தவர். துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர். பொங்கலுக்கும் மற்ற சமயங்களிலும் கண்ணமங்கலத்துப் பக்கம் மலையடிவாரத்துக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேட்டைக்குப் போவார். என் வீட்டுக்காரரும் கூடப் போவார். புதரைக் கழியால் தட்டி மிருகத்தைக் கிளப்பி விடுவது இவர் வேலை. முள் கிழிப்பது இவர் காலை. படம் பிடித்து மில்லில் மாட்டியிருப்பது அவர் முகத்தை. அதைப் பற்றி இவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தக் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது.

தெற்கே லோடு ஏற்றப் போன லாரியில் மில்காரர் இரண்டு வேட்டை நாய்களை வரவழைத்திருந்தார். அதில் ஒன்றைத்தான் எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தார். நீளக் கால், ஒட்டிய வயிறு, சாம்பல் நிறம். ஒரு காதின் நுனி கிழிந்து காய்ந்திருந்தது. கயிறு அறுத்து அறுத்துக் கழுத்தில் மயிர் போயிருந்தது. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து செம்பைக் கீழே வைத்தேன். அந்தச் சத்தத்துக்கே அது தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது.

"ஒரே ஈத்துல பொறந்ததுடா ரெண்டும்," என்றார் மில்காரர். "அது பன்னி மேலயே பாயுது. இது கழிய எடுத்தா மூத்திரம் போவுது. நீ வெச்சிப் பழக்கிப் பாரு. பொங்கலுக்குள்ள தேறுச்சின்னா சரி. தேறலன்னா ஒரு தோட்டாவ செலவு பண்ணிடறேன்."

"ஆவட்டும்ணா," என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றைக்கு எனக்கு நாயின் மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. ஒருவர் என் வாசலில் நின்று என் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுட்டுவிடுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு என் வீட்டு ஆண்பிள்ளை தலையை ஆட்டுகிறார். அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்றைக்குப் பாத்திரங்களை உடைகிற மாதிரி துலக்கினேன்.

பழக்குவது என்றால் அவருக்குத் தெரிந்தது அதட்டல். தறியிலிருந்து எழுந்ததும் நாயை வாசலுக்கு இழுத்துப்போய், செத்த முயலின் தோலை முகத்தில் தேய்த்து, "புடிடா, புடிடா" என்று கத்துவார். அது கண்ணை மூடிக்கொள்ளும். உடனே ஒரு அடி. பசித்தால் பிடிக்கும் என்று மில்காரர் சொன்னாராம், சோறு போடாதே என்றார். நான் அவர் இல்லாதபோது கஞ்சி ஊற்றினேன். அதையும் அது நான் உள்ளே போன பிறகுதான் குடிக்கும்.

ஆடி மாதம் எங்கள் தெருக்கோடி அம்மன் கோவிலில் திருவிழா. வாண வேடிக்கைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெடிகளை அவரும் சிநேகிதர்களும் எடுத்து வந்தார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்குகிறார்களாம். நாயை வேப்ப மரத்தில் கட்டி, அதன் பின்னாலேயே வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நான் உள்ளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எழுவதற்குள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தது. அடுப்பங்கரை, அறை என்று எங்கேயும் நிற்கவில்லை. நேராக மாமனாரின் காலித் தறிக்குப் போய், நெய்பவர் கால் தொங்கவிடுகிற குழிக்குள் இறங்கிச் சுருண்டுகொண்டது. வெளியே சிரிப்புச் சத்தம்.

இவர் கழியோடு வந்தார். "வெளிய வா, பயந்தாங்கொள்ளி," என்று குனிந்து காதைப் பிடித்தார். முன்பே கிழிந்த காது. அது கடிக்கவில்லை. கடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இழுபடாமல் இருக்க மண்ணை நகத்தால் பற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

குழந்தையை மாமியார் மடியில் வைத்துவிட்டு வந்து குழிக்கு முன்னால் நின்றேன்.

"உடுங்க அத."

"நீ போ உள்ள."

"உள்ளதான் நின்னுகினு கீறேன். கைய எடுங்க. இனிமே இத நான் பாத்துக்கறேன். நீங்க தொடாதீங்க, கத்தாதீங்க, உங்க ஆளுங்க ஒருத்தனும் கிட்ட வரக்கூடாது."

"பொம்பள வேட்ட நாயப் பழக்கறதா? ஊரு சிரிக்கும்."

"இப்ப சிரிச்சிகினுதான கீறாங்க."

அவர் என்னை அடிக்க வந்த மாதிரிதான் இருந்தது. மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வெடி வெச்சி பட்டுல நெருப்புப் பட்டிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப?" என்று மகனைக் கேட்டார். நாய்க்காக அவர் பேசவில்லை, தறியில் பூட்டியிருந்த பட்டுப் பாவுக்காகப் பேசினார். ஆனாலும் பேசினார். இவர் கழியைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

நாய்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் அம்மா வீட்டில் ஆடுகூட வளர்த்ததில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று, அதுவரை செய்ததை எல்லாம் செய்யக்கூடாது. அதனால் ஆரம்பத்தில் நான் எதுவுமே செய்யவில்லை. அது குழியிலேயே கிடந்தது. பட்டில் மயிர் ஒட்டினால் புடவையை எவன் எடுப்பான் என்று மாமியார் முணுமுணுத்ததால், இரண்டு தறிக்கும் நடுவில் பழைய வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். ராட்டையைக் குழிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தார் சுற்றினேன். ராட்டைச் சத்தத்துக்கும் பக்கத்துத் தறியின் அடிக்கும் அது பயப்படவில்லை. நாள் முழுக்க ஒரே மாதிரி வருகிற சத்தம் என்பதாலோ என்னவோ. திடீரென்று வருவதுதான் அதற்கு ஆகவில்லை.

கேழ்வரகுக் களியில் கருவாட்டுத் தலையை நசுக்கி, குழி விளிம்பில் வைப்பேன். நான் அதைப் பார்க்க மாட்டேன். பிறகு தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைப்பேன். நகர்த்தி நகர்த்தி, ஒரு நாள் அது என் முழங்காலை ஒட்டி நின்று தின்றது. அப்போதும் நான் தொடவில்லை. அதுவாக முதுகை என் தோளில் சாய்த்தபோதுதான் தொட்டேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது. இப்படிப்பட்ட உடம்பையா அடித்தார்கள் என்று எனக்கு மறுபடி கோபம் வந்தது. கையை அவசரமாக எடுத்துவிட்டேன். என் கோபம் அதற்குத் தெரிந்தால் மறுபடி குழிக்குள் போய்விடும்.

அது தின்னும்போது அடுப்பங்கரையில் தட்டை மெல்லத் தட்டுவேன். பழகியதும் கொஞ்சம் பலமாக. பிறகு கூடத்தில். தீபாவளி அன்று குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பகல் முழுக்க ராட்டையைச் சுற்றினேன். நல்ல நாளில் வேலையா என்று மாமியார் திட்டினார். தெருவில் சரம் வெடிக்கும்போதெல்லாம் அது நடுங்கியது, ஆனால் ஓடவில்லை.

விடியற்காலையில் பெண்கள் ஏரிப் பக்கம் ஒதுங்கப் போவது வழக்கம். எங்கே போகிறாய் என்று எந்த ஆணும் கேட்க முடியாத நேரம் அது ஒன்றுதான். நான் நாயைக் கிணற்றுக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையைப் பிடுங்கிய மேட்டு நிலங்களில் கயிற்றை நீளமாக விட்டேன். சேவூரில் ஒரு வீட்டு மருமகள் வெளியில் நின்று நாயைக் கூவிக் கூப்பிட முடியாது. அதனால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, ட்ச் ட்ச் என்று ஒரு சத்தம் செய்வேன். வந்தால் மடியிலிருந்து கருவாடு. வெகுதூரத்திலிருந்தும் அந்தச் சின்னச் சத்தம் அதற்குக் கேட்டது.

முதல் முயல் ஒரு வரப்பு ஓரத்திலிருந்து கிளம்பியது. கயிறு என் கையை எரித்துக்கொண்டு போனது. அது அப்படி ஓடும் என்று நான் நினைக்கவே இல்லை. தரையைத் தொடுகிறதா என்றே தெரியவில்லை. முயல் முள்வேலிக்குள் போய்விட்டது. நாய் பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, அடி விழும் என்று படுத்துக்கொண்டது. நான் ட்ச் என்றேன். வந்தது. கருவாடு கொடுத்தேன். பிடிக்காததற்குக் கூலியா என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு அறைந்திருப்பேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் பிடித்தது. பிடித்ததை என் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றது. முயலைக் கூடக் கொண்டுபோயிருந்த வாளியில் போட்டு மேலே துணியை மூடி எடுத்து வந்தேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்," என்றார் மாமியார். குழம்பு கொதிக்கும்போது, "இன்னும் கொஞ்சம் மிளகு போடு," என்றார். வீட்டுக்காரர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "ஏது கறி?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அவரைப் பார்த்து நானும் சிரித்தேன். அதுதான் என் முட்டாள்தனம்.

மறுநாளே டீக்கடையில் சொல்லிவிட்டார். நாயைத் தேற்றிவிட்டேன் என்று. தான் தேற்றியதாக. எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் வந்து, "உங்க வூட்டுக்காரரு நாய எப்டி பழக்கிகீறாரு பாரு," என்று மெச்சிவிட்டுப் போனாள். நான் அவரிடம் கேட்டதற்கு, "பொண்டாட்டி பழக்குனான்னு எப்டிச் சொல்றது? எனக்கு மானம் போவாதா?" என்றார்.

"பொங்கலுக்கு அத இட்டுகினு போவாதீங்க. அது கத்தினா வராது. துப்பாக்கிக்கு நிக்காது. மொயலு புடிக்கும், அவ்ளோதான்."

"அண்ணன் கேட்டுட்டாரு. முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

காணும் பொங்கல் அன்று விடிவதற்குள் டிராக்டர் வந்து நின்றது. நாய் குழிக்குள் போய்விட்டது. அதை வெளியே வரவைக்க என்னைக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் திரும்பினார்கள். டிராக்டரில் மேளம், விசில். இவர் தேக்கு இலையில் கட்டிய பன்றிக் கறியோடு வந்தார். நாய் இல்லை.

"எங்க?"

"மொத வெடிக்கே கயித்த அறுத்துகினு ஓடிடுச்சி. கூப்ட்டோம், வரல. வந்துடும்."

"கூப்ட்டா வராதுன்னு சொன்னேன் இல்ல?"

அவர் கறிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு தானாகவே சொன்னார், மில்காரரின் நாயைப் பன்றி வயிற்றில் குத்திக் கிழித்துவிட்டது என்று. பயமே தெரியாத அந்த நாய்.

"செத்துப்போச்சா?"

"சாவற மாதிரிதான் இருந்திச்சி. அண்ணன் அங்கயே உட்டுட்டாரு. தூக்கிகினு வந்து இன்னா பண்றது?"

பன்றியைச் சுமந்து வர நான்கு ஆள் இருந்தார்கள். நாயைச் சுமக்க ஒரு ஆள் இல்லை. உயிர் போகிற வரைக்கும் பக்கத்தில் நிற்கக்கூட ஒருவரும் இல்லை. அந்தக் கறியை நான் தொடவில்லை. மாமியார் சமைத்தார்.

காலையில் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் முதல் பஸ் ஏறினேன். கண்ணமங்கலத்துக்கு முன்னாலேயே இறங்கி மலைப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே ட்ச் ட்ச் என்றேன். வாய் உலர்ந்து அந்தச் சத்தமே வராமல் போய்விட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். சொன்னேன்.

"நேத்து வேட்டக்காரங்க உட்டுட்டுப் போன நாயா? ரோட்டுக்கு அடியில சின்னப் பாலத்துல பூந்துகினு கீது. கல்லு உட்டுப் பாத்தோம், வரல."

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பாலத்தின் வாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாக்கைத் தட்டினேன். உள்ளே இருட்டில் ஏதோ நகர்ந்தது. வயிற்றால் ஊர்ந்துதான் வந்தது. பாதங்கள் வெந்த மாதிரி உரிந்திருந்தன. அறுந்த கயிறு இன்னும் கழுத்தில் இருந்தது. அதை அவிழ்த்துப் பாலத்துக்கு அடியிலேயே எறிந்தேன்.

பஸ்ஸில் நாயை ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். சேவூர் வரை நடந்தோம். கொஞ்ச தூரம் அதைத் தூக்கிக்கொண்டு, கொஞ்ச தூரம் நடக்க விட்டு. வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். இவரை, மில்காரரை, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு குழம்பு தின்ற அத்தனை பேரையும் திட்டினேன். குரல் உயராமல் திட்டினேன், பக்கத்தில் நாய் நடக்கிறதே என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு கெட்ட வார்த்தைகளை அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பொங்கல் முடிந்த சில நாளில் மில்காரர் வந்துவிட்டார். "பெரியவன் போயிட்டாம்பா," என்றார், ஏதோ யுத்தத்தில் செத்ததுபோல. "கடைசி வரிக்கும் உடலியே அவன். இப்ப இவன்தான். இட்டுகினு போயி நானே சரி பண்ணிக்கறேன்."

என் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து நின்றார். நான் ராட்டையை நிறுத்தினேன். "குடுக்க முடியாதுங்கண்ணா," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார். "இன்னாடா, உங்க வூட்ல யாரு பேசறது?"

"நான்தான் பேசறேன். சுட்டுடுவேன்னு நீங்க சொன்ன நாயிங்க இது. அத நான் தேத்துனேன். மலையில உட்டுட்டு வந்தீங்க. நான் போயி இட்டாந்தேன். குடுக்க மாட்டேன்."

மில்காரரின் முகம் மாறியது. இவர் இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். திறந்தார்.

"அவ கெடக்கறாண்ணா. அது உங்களுக்கு ஒதவாது. வெடிச் சத்தத்துல அதுக்குக் காது போயிடுச்சி. சுத்தமா கேக்கல."

மில்காரர் நம்பவில்லை. நாய் குழி விளிம்பில் படுத்திருந்தது. பின்னாலிருந்து போய் இரண்டு கையையும் தட்டி, "டேய்," என்று கர்ஜித்தார். அதன் மயிர்கூட அசையவில்லை. அளவுக்கு மீறிப் பயந்தால் அது அப்படித்தான், கல்லாகிவிடும். அது எனக்குத் தெரியும். இன்னொரு முறை கத்தினார். அசையவில்லை.

"செவிட்டு நாய வெச்சிகினு கஞ்சி ஊத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசல் தாண்டும்வரை நான் நாயைப் பார்க்கவே இல்லை. அதன் அடியில் தரை ஈரமாகியிருந்தது.

"காப்பாத்திட்டேன் பாத்தியா?" என்றார் இவர்.

"எங்க நாயி, குடுக்க மாட்டோம்னு சொல்றதுக்கு வாய் வரல உங்களுக்கு."

"அவர பகச்சிகினா நாளைக்கி ஊர்ல நிக்க முடியாது. உனக்கு நாய் ஓணும். கெடச்சுதா இல்லையா? அப்புறம் இன்னா?"

 நாய் கிடைத்ததுதான். ஆனால் பொய் வீட்டோடு தங்கிவிட்டது. செவிட்டு நாய் என்று தெருவே கூப்பிட ஆரம்பித்தது. செவிடுதானே என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கல் எறிவார்கள். சைக்கிள்காரர்கள் வேண்டுமென்றே உரசிப் போவார்கள். இலை விழுந்தால்கூடக் காதைத் திருப்புகிற நாய் அது. விடியலில் என்னோடு மேட்டு நிலத்துக்கு வந்து வருஷக்கணக்காக முயல் பிடித்தது. தெருவுக்குத் திரும்பியதும் செவிடு. நான் அதை மறுத்துப் பேசினால் மில்காரர் காதுக்குப் போகும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் இவர் மேல்தான் கோபப்பட்டேன்.

இவர் அதற்குப் பிறகு வேட்டைக்குப் போகவில்லை. கூட்டம் கூப்பிடவில்லை என்பதாலா, மனசு வரவில்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாய்க்குக் களி பிசைந்து வைப்பார் சில நாள். அது அவர் நகர்ந்த பிறகுதான் தின்னும்.

எண்பதுகளின் நடுவில் வயசாகிச் செத்தது. கொல்லையில் இவரே குழி தோண்டினார். நான் பக்கத்தில் நின்றேன். வேலி ஓரமாகப் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "செவிட்டு நாயா? போயிடுச்சா?" என்றார்.

"ஆமா, பாவம், செவிடு," என்றார் இவர்.

அந்த ஆள் போனதும் கேட்டேன், "இன்னைக்குமா?"

அவர் மண்வெட்டியை நிறுத்தாமலேயே சொன்னார். "அன்னிக்கி அப்டிச் சொல்லலன்னா, இன்னைக்கி பொதைக்கறதுக்கு இது நம்மகிட்ட இருந்திருக்காது."

அவர் சொன்னது சரிதான். அதை நான் அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மண்ணை மூடிவிட்டு, இருவரும் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். அவர் தறியில் உட்கார்ந்தார். நான் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.